கதவைத் திறந்தால் நிற்கும் அலாரம்

நாங்கள் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் அலாரம் நின்றுவிடும். அந்தக் கேபினைப் பற்றி முதலில் எனக்குப் பயம் தந்தது அதுதான்.

மெர்லிமாவ் ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில், ஆளில்லாத தொலைபேசிக் கேபின் ஒன்று இருந்தது. லாரியின் பின்பெட்டி அளவுதான் இருக்கும். ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவு, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஏர்கோன், எதிரெதிரே நிற்கும் கருவி அலமாரிகள். மலாக்கா நகரிலிருந்து வரும் கண்ணாடி இழைக் கேபிள்கள் அங்கே வந்து முடியும். ஒளியாக வரும் பேச்சை அந்தக் கருவிகள் பிரித்து, சுற்றிலும் இருந்த தோட்டங்களுக்கும் கம்போங்குக் கிராமங்களுக்கும் கிளினிக்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சாதாரணத் தொலைபேசிக் கம்பிகளில் அனுப்பிவைக்கும். வரும் ஒளி குறைந்தால் அலமாரியின் உச்சியில் சிவப்பு விளக்கு எரியும், கீச்சென்று ஒரே ஓசையாக அலாரம் அடிக்கும். நகரத்து அலுவலகத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது தெரிந்துவிடும். உடனே எங்களைக் கூப்பிடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் டெக்னீசியனாகச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். லூபோக் சீனா பக்கம் ஒரு ரப்பர் பால்மரத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள். விடிவதற்கு முன்னால் மரம் சீவப் போகும் அம்மா கையில் ஒரு குச்சி வைத்திருப்பார். தரையைத் தட்டிக்கொண்டேதான் நடப்பார். பக்கத்து வீட்டு மாமாவைப் பாம்பு கடித்து, லாரியில் ஏற்றுவதற்குள் அவர் வாயில் நுரை தள்ளியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். படித்து இந்த வேலை கிடைத்தபோது சம்பளத்தைவிட அதன் சுத்தம்தான் எனக்குப் பிடித்திருந்தது. குளிர்ந்த அறை, வழுவழுப்பான தரை, தூசி படக்கூடாத கருவிகள். புல்லையும் சேற்றையும் விட்டு வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு வேலைக்கு வந்தவர் மலாக்கா நகரின் தெங்கேராவில் இருந்த ஓர் அண்ணன். கிறிஸ்தவர். வேனின் கண்ணாடியில் ஜெபமாலை தொங்கவிட்டிருப்பார். செம்புக் கம்பிக் காலத்திலிருந்தே இந்த வேலையில் இருந்தவர் என்றாலும், கண்ணாடி இழையைத் தொடும்போது மட்டும் அவர் முகம் மாறிவிடும். முதல் நாளே என்னிடம் சொன்னார்.

"இந்த முனைய மூஞ்சிக்கு நேரா பிடிக்காத மா. உள்ள வர்றது லேசர். கண்ணுக்குத் தெரியாது. தெரியாததுனாலதான் டேஞ்சர். பார்த்துக்கிட்டே இருப்ப, அது பாட்டுக்கு உள்ள பொசுக்கிட்டுப் போயிரும்."

அவர் எதைக் கழற்றினாலும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் கழற்றுவார். பார்த்துப் பார்த்து எனக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது.

அந்தக் கேபினின் அலாரம் காலையில் தொடங்கும், சாயங்காலம் அடங்கும். முற்றாக ஒளி நின்றுபோவதில்லை. குறையும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குறைவில் தொலைபேசியில் பேசுகிறவர்களுக்குக் கரகரப்புக் கேட்கும், பாதிப் பேச்சில் கோடு அறுந்துபோகும். அழைப்பு வந்ததும் நாங்கள் வேனை எடுத்துக்கொண்டு ஓடுவோம். கேபினுக்கு வெளியே நிறுத்தும்போது உள்ளே அலாரம் அடிப்பது இரும்புச் சுவர் வழியாக மெல்லக் கேட்கும். பூட்டைத் திறந்து உள்ளே போவோம். சில அடிதான் நடந்திருப்போம், ஓசை நின்றுவிடும். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை வந்துவிடும். மீட்டரை மாட்டிப் பார்த்தால் ஒளி சரியாக இருக்கும்.

முனைகளையெல்லாம் துடைத்தோம். ஒளியை வாங்கும் கார்டை மாற்றினோம். சூட்டினால் இருக்கும் என்று ஏர்கோனைச் சரிபார்த்தோம். சாலையில் செம்பனைப் பழம் ஏற்றிப் போகும் லாரிகள் தரையை அதிரவைக்கின்றனவோ என்று வெளியே நின்று ஒரு பகல் முழுக்கப் பார்த்தோம். எதுவும் பிடிபடவில்லை. மறுநாள் காலை மறுபடியும் அழைப்பு வரும்.

எங்கள் மேலதிகாரி ஒரு மலாய்க்காரர். கடுமையானவர் இல்லை. ஆனால் ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு, மேசையைப் பார்த்துக்கொண்டே மலாயில் கேட்டார்: நீங்கள் உண்மையிலேயே அங்கே போகிறீர்களா, அல்லது வழியில் எங்காவது நின்றுவிட்டு வருகிறீர்களா? வேனில் ஏறிய பிறகு அண்ணன் சொன்னார்.

"இத்தன வருசத்துல என்னை யாரும் இப்பிடிக் கேட்டதில்ல மா."

அதன் பிறகு எனக்கு வேலையே போய்விடுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

கேபினுக்கு எதிர்ப்பக்கம், சாலையைத் தாண்டி, தோட்டத்து லயம் இருந்தது. கடைசி வீட்டில் ஓர் அக்கா. வெளிக்காட்டில், செம்பனைகளுக்கு நடுவே, புல் வெட்டுகிறவர். எங்கள் வேனைப் பார்த்தால் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வேலியருகே வந்து நிற்பார். ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

"போன் எப்பதாம்மா சரியாவும்?"

"பார்த்துக்கிட்டுத்தான்கா இருக்கோம்."

"போன வாரம் எங்க வீட்டுக்காரருக்கு இழுப்பு வந்துருச்சு. ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி வீட்டுக்கு ஓடி அம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். எந்தத் தோட்டம்னு கேட்டாங்க. சொல்றதுக்குள்ள அறுந்துபோச்சு. மறுபடி போட்டா, ஒரே எரைச்சல். அப்புறம் பழ லாரியிலதான் ஏத்திக்கிட்டுப் போனோம்."

குறை சொல்கிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். அதுவரை அந்தச் சிவப்பு விளக்கு எனக்கு ஒரு விளக்காக மட்டுமே இருந்தது. அதன் மறுமுனையில் மூச்சு வாங்க முடியாத ஒரு மனிதர் இருப்பார் என்று நான் யோசித்ததில்லை.

"அது சரியாவாதும்மா," என்று அக்காவே தொடர்ந்தார். "கேபின் கட்டுறதுக்கு முன்னால அங்க ஒரு பெரிய மரம் இருந்துச்சு. மரத்தடியில முனி சூலம் இருந்துச்சு. தோட்டத்து ஆபீஸ்ல யாரையும் கேக்காம எடுத்துட்டாங்க. ஆளு வந்தா அடங்கிரும், ஆளு போனா கத்தும்னு நீங்களே சொல்றீங்களே. வேற என்னாவா இருக்கும்?"

நான் சிரிக்க முயன்றேன், முடியவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு முனி என்றால் வெறும் சொல் இல்லை. அடுத்த முறை கேபினுக்குள் போனபோது, அலாரம் நின்று அந்த அமைதி வந்ததும், யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்களைக் கவனிப்பதுபோல் இருந்தது. அண்ணன் வேனிலிருந்து ஒரு கருவியை எடுத்து வரப் போனார். நானும் அவர் பின்னாலேயே வெளியே வந்துவிட்டேன். தனியாக அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

அன்று மாலை பஸ்ஸில் வீடு திரும்பும்போது எதையெல்லாமோ நினைத்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கேபினுக்கு ஒளி இரண்டு வழிகளில் வருகிறது. ஒரு கேபிள் கடற்கரைச் சாலை வழியாக, இன்னொன்று உட்பக்கத்துத் தோட்டங்கள் வழியாக. ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்க வேண்டும் என்பதற்காகவே அப்படிப் போட்டிருந்தார்கள். ஆனால் எங்கள் அலாரத்தில் இரண்டுமே ஒரே நேரத்தில் குறைந்தன, ஒரே நேரத்தில் சரியாகின. எங்கோ சாலையில் பழுது என்றால் இரண்டும் சேர்ந்து குறையாது. இரண்டும் சேரும் இடத்தில்தான் பழுது இருக்க வேண்டும். அவை சேரும் இடம் எங்கள் கேபினுக்குள், தரைக்குக் கீழே.

கேபினில் நாங்கள் நடக்கும் தரை உண்மையான தரை இல்லை. சிமெண்டுக்கு மேலே முழங்கால் உயரத்துக்குக் கால்கள் வைத்து, அதன்மேல் சதுரப் பலகைகளைப் பரப்பியிருந்தார்கள். பலகைகளுக்கு அடியில்தான் மஞ்சள் நிற இழைக் கம்பிகள் கட்டாக ஓடி அலமாரிகளுக்கு ஏறும். அந்த மெல்லிய இழை மடங்கினாலோ அழுந்தினாலோ ஒளி கசிந்து குறைந்துவிடும்.

மறுநாள் காலை அண்ணனிடம் சொன்னேன்.

"கரெக்ட் மா. கீழ எதோ ஒன்னு வயர் மேல அழுத்துது. நாம நடந்தா தரை ஆடுது, அது நகந்துக்குது. அதான் அலாரம் நிக்குது. ஒரு பிராக்கெட் லூஸா இருக்கும்."

"அப்ப தரை ஆடாம நடந்தா?"

"ஆமா லா. மெதுவா போவோம். அடிச்சுக்கிட்டு இருக்கிறப்பவே பலகையத் தூக்கிப் பார்த்துருவோம்."

முனி இல்லை, ஒரு லூசான இரும்புத் துண்டு. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது.

வேனை லயத்துப் பக்கமே நிறுத்தினோம். காலணிகளைக் கழற்றிக் கேபின் வாசலில் வைத்தோம். அண்ணன் பூட்டைச் சத்தமில்லாமல் திறந்தார். வெறுங்காலோடு, திருட வந்தவர்கள்போல உள்ளே போனோம்.

அலாரம் நிற்கவில்லை.

அந்த ஓசையை அதுவரை நான் பெரும்பாலும் சுவருக்கு வெளியிலிருந்துதான் கேட்டிருந்தேன். உள்ளே அது காதைக் குடைந்தது. சிவப்பு விளக்கின் நிறம் அண்ணனின் வெள்ளைச் சட்டையில் விழுந்திருந்தது. கால்களுக்குக் கீழே பலகை ஐஸ்போலக் குளிர்ந்தது. நான் வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அண்ணன் பூனைபோல நடந்து அலமாரிகளுக்கு நடுவே போய், உள்சுவர் வரை சென்று, என் பக்கம் திரும்பி மண்டியிட்டார். பலகையைத் தூக்குவதற்கு ரப்பர் உறிஞ்சிகள் வைத்த ஒரு கைப்பிடி உண்டு. அதை எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்த பலகைமேல் அழுத்தித் தூக்கி, பக்கத்தில் வைத்தார். கருப்பாக ஒரு சதுரப் பள்ளம் தெரிந்தது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணன் குனிந்து முகத்தை உள்ளே நீட்டினார்.

"மா," என்றார். "என்னாது இது, கருப்பா ஒரு பைப்பு..."

அந்தக் கருப்பு அசைந்தது. பள்ளத்திலிருந்து அது மேலே வந்த வேகத்தை இப்போதும் என்னால் சொல்லில் பிடிக்க முடியவில்லை. ஒரு நொடியில் அண்ணனின் முகத்துக்கு நேராகப் படம் விரிந்து நின்றது. கொத்தவில்லை. துப்பியது. இரண்டு மெல்லிய கோடுகளாக ஏதோ பறந்தது டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. அண்ணன் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். டார்ச் உருண்டது. அவருடைய இரண்டு கைகளும் கண்களைப் பொத்திக்கொண்டிருந்தன.

அதே நேரத்தில் பள்ளத்துக்குள் அதன் உடம்பு சுழன்று அடிப்பது கேட்டது. மஞ்சள் கம்பிகள் பிய்ந்திருக்க வேண்டும். அலமாரியில் இருந்த அத்தனை விளக்குகளும் சிவப்பாகின. அலாரம் வேறு சுருதிக்கு ஏறியது.

நான் ஓடவில்லை என்று பெருமையாகச் சொல்ல மாட்டேன். கால் ஓடவில்லை, அவ்வளவுதான். கதவு என் முதுகுக்குப் பின்னால் திறந்திருந்தது. எதிரே பாம்பு, அதற்கு அந்தப் பக்கம் கண் தெரியாமல் அண்ணன். கையில் இருந்த மீட்டர் பெட்டியை முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அதன் ஓரத்து வழியாகப் பார்த்தேன். படம் இப்போது என் பக்கம் திரும்பியிருந்தது.

"அண்ணே, அசையாதீங்க."

"எரியுது மா. ஐயோ, எரியுது. ஒன்னுமே தெரியல."

"கண்ணத் தேய்க்காதீங்க. அங்கயே இருங்க. அது இன்னும் இருக்கு."

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. பிறகு படம் சுருங்கியது. அது மெதுவாகப் பள்ளத்துக்குள் இறங்கிப் பலகைகளுக்கு அடியில் போய்விட்டது. கண்ணுக்கு எதிரே நின்றபோது இருந்த பயத்தைவிட, அது மறைந்த பிறகு வந்த பயம்தான் பெரியது. எந்தப் பலகைக்குக் கீழே இருக்கிறது, எந்த இடைவெளி வழியாக மேலே வரும், எதுவும் தெரியாது. எங்கள் காலணிகள் வெளியே கிடந்தன.

"அண்ணே, மெதுவா எந்திரிங்க. உங்க வலது கைப்பக்கம் அலமாரி. அதத் தொட்டுக்கிட்டே வாங்க. எடது பக்கம் குழி. எடது பக்கம் மட்டும் கால வச்சிராதீங்க."

"அது எங்க இருக்கு மா?"

"அந்தக் கோடியில," என்றேன். எனக்குத் தெரியாது.

அவர் கருவிகளின் முகப்பைத் தடவிக்கொண்டே வந்தார். கண்ணீரும் வேறு ஏதோவும் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எட்டும் தூரத்துக்கு வந்ததும் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். இருவரும் புல்லில் விழுந்தோம்.

நான் கத்தியதைக் கேட்டு அந்த அக்கா ஓடிவந்தார். "பாம்பு, கண்ணுல துப்பிருச்சு" என்று நான் சொன்னதும் வேறு எதுவும் கேட்கவில்லை. லயத்துக் குழாயடிக்கு அண்ணனை இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டிப்போனோம். குழாய்க்கு அடியில் அவர் தலையைப் பிடித்து, நான் இமைகளைப் பிரித்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவருடைய கண் இருந்த இடத்தில் வெள்ளையே இல்லை. முழுக்க இரத்தச் சிவப்பு. இமைகள் என் விரல்களுக்கு அடியிலேயே வீங்கிக்கொண்டு வந்தன.

ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லை. அத்தனை கோடுகளும் செத்துக் கிடந்தன. கைப்பேசி அப்போது மேலதிகாரிகளின் இடுப்பில்தான் இருந்தது. அந்தத் தோட்டத்தில் அதற்கும் சிக்னல் கிடைக்காது. என்னிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனால் அந்த வேனை அதுவரை அண்ணன்தான் ஓட்டியிருந்தார். சாவியை அவர் பையிலிருந்து எடுத்தேன். அக்கா ஒரு பெரிய பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, கேட்காமலேயே பின்னால் ஏறிக்கொண்டார்.

செம்மண் சாலையில் கியர் மாற்றத் தெரியாமல் வேன் குதித்துக் குதித்துப் போனது. எதிரே பழ லாரி வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். மெர்லிமாவ் கிளினிக்கில் மருந்துத் தண்ணீரால் மறுபடியும் கழுவிக் கட்டுப் போட்டார்கள். கண் டாக்டர் மலாக்காவில்தான் இருக்கிறார், உடனே கொண்டுபோங்கள் என்றார்கள். அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல அங்கிருந்த போனைக் கேட்டேன். ரிசீவரை எடுத்தால் ஒரு சத்தமும் இல்லை. அதுவும் எங்கள் கேபினிலிருந்து போகிற கோடுதான்.

மலாக்கா போகும் வழியெல்லாம் அண்ணன் வாய்க்குள் மாதா ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார். நடுநடுவே நிறுத்துவார்.

"இப்ப எங்க இருக்கோம் மா?"

"செர்க்காம் தாண்டிட்டோம் அண்ணே."

"வெயிலா, மேகமா?"

"வெயிலு."

"கட்டுக்கு உள்ள வெளிச்சம் தெரியணும்ல? எனக்குத் தெரியலயே."

"கட்டு தடிப்பா போட்டிருக்காங்க அண்ணே."

கண்ணுக்குத் தெரியாத ஒளிக்குப் பயந்து வருடக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்ட மனிதர் அவர். அழுதால் சாலை தெரியாமல் போய்விடும் என்று அழவில்லை. பேசிக்கொண்டே வந்தேன். சாலையோரத்தில் துரியான் விற்கிறார்கள், பள்ளிக்கூடம் விட்டுவிட்டது, ஒருவன் மோட்டார் சைக்கிளில் ஆடு கட்டிக்கொண்டு போகிறான் என்று பார்த்ததையெல்லாம் சொன்னேன். உம்பாய் வந்ததும் கடல் தெரிகிறது என்றேன். பின்னால் அக்கா அவருடைய நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நீண்ட நேரம் கழித்து ஓர் இளம் டாக்டர் வந்தார். கருவிழி வெந்திருக்கிறது, தழும்பு விழாமல் ஆறினால் பார்வை வரும், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். அண்ணனின் மனைவி தெங்கேராவிலிருந்து வந்து சேர்ந்தபோது அதை நான்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"உன் கண்ணுல படலையே மா?"

அப்போதுதான் நான் அழுதேன்.

மேலதிகாரியும் வந்திருந்தார். அவருடைய முகம் வெளிறியிருந்தது. அந்தப் பகுதி முழுவதும் தொலைபேசி இல்லை, யாராவது போய்ச் சரிசெய்ய வேண்டும். அந்த அலமாரியின் கம்பிகள் எது எங்கே போகின்றன என்று அண்ணனுக்கும் எனக்கும்தான் தெரியும். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. எந்தக் கம்பி எங்கே என்று வரைந்து கொடு, நான் போகிறேன் என்றார். பக்கத்தில் அந்த அக்கா நின்றிருந்தார். அவருடைய வீட்டுக்காரர் தனியாக வீட்டில் இருந்தார். நானே வருகிறேன் என்றேன்.

போம்பா தீயணைப்புப் படையிலிருந்து ஆட்களை வரவழைத்துக்கொண்டு, வெயில் தாழ்வதற்குள் கேபினுக்குத் திரும்பினோம். கண்ணாடி முகமூடி போட்ட மூவர் உள்ளே போனார்கள். பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்க்கும் சத்தம் கேட்டது. நான் வேனுக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நீண்ட கம்பியின் முனையில் சுருக்குப் போட்டு அதை வெளியே கொண்டுவந்தார்கள். ஆள் உயரத்துக்கும் மேல் இருந்தது. பளபளவென்ற கருப்பு. சாக்கில் போட்டுக் கட்டினார்கள். கேபிள் உள்ளே வரும் துளையை அடைத்திருந்த மெழுகு உடைந்து எலிகள் புகுந்திருந்தன. எலிகளைத் தேடி அது வந்திருக்கிறது. பகலில் கருவிகளின் சூட்டுக்கு அடியில், கம்பிக் கட்டின்மேல் சுருண்டு படுத்துக்கொள்ளும். இருட்டியதும் இரை தேடப் போய்விடும். எங்கள் காலடி அதிர்வை உணர்ந்தால் நகர்ந்து மூலைக்குப் போகும். அலாரம் நிற்கும்.

"இன்னொன்று இல்லையே?" என்று மேலதிகாரி மலாயில் கேட்டார்.

"நாங்கள் பார்த்தது ஒன்றுதான்," என்றார் படையின் தலைவர். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

பிய்ந்த கம்பிகளை மாற்றுவதற்கு நான் பள்ளத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, தோள்வரை கையை உள்ளே விட வேண்டியிருந்தது. மேலதிகாரி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அலமாரிக்குப் பின்னால் வளையும் இடத்தில் வெளிச்சம் எட்டாது. விரலால் தடவித்தான் கம்பியைப் பிடிக்க வேண்டும். ஏதோ வழுவழுப்பாகத் தட்டுப்பட்டது. என் உடம்பு முழுக்க விறைத்துவிட்டது. கையை எடுக்கவும் முடியவில்லை. விரல் பட்டுக் காகிதம்போலச் சரசரத்தபோதுதான் புரிந்தது, அது பாம்பு உரித்துப்போட்ட தோல். அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கம்பியைப் பிடித்து இழுத்து, முனையைத் துடைத்து மாட்டினேன். அலமாரியில் ஒரு விளக்கு பச்சையானது. பிறகு இன்னொன்று. கடைசிக் கம்பியை மாட்டியபோது அலாரம் நின்றது. மேலதிகாரி நாற்காலி தேடுவதுபோலச் சுற்றிலும் பார்த்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணனின் கட்டை அவிழ்க்கும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை. அவிழ்த்த அன்று அவருக்கு முதலில் தெரிந்தது ஜன்னல் என்று அவருடைய மனைவி போனில் சொன்னார். வலது கண் முழுதாகச் சரியானது. இடது கண்ணில் கடைசிவரை ஒரு மெல்லிய புகை படிந்தே இருந்தது. வெளிவேலையிலிருந்து அவரை எடுத்து, நகரத்தில் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். கேபின்களுக்கு நான் வேறு ஒருவரோடு போய்க்கொண்டிருந்தேன். துளைகளையெல்லாம் சிமெண்டு வைத்து அடைத்திருந்தார்கள். இருந்தாலும் ஒவ்வொரு பலகையையும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் தூக்குவேன். அந்த வேலையில் நான் இருந்த வருடங்கள் முழுக்க அந்தப் பழக்கம் போகவே இல்லை.

ஒரு மத்தியானம் அலுவலகத்துக்குக் கீழே இருந்த சாப்பாட்டுக் கடையில் அண்ணனோடு உட்கார்ந்திருந்தேன். அவர் தாமாகவே அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"வேன்ல வர்றப்ப நீ பேசிக்கிட்டே வந்தில்ல மா. எதாச்சும் ஒரு எடத்துல நீ பேச்ச நிறுத்திருவியோன்னுதான் எனக்குப் பயம். நிறுத்துனா, என்னமோ மோசமா பார்த்துட்டன்னு அர்த்தம்னு நெனச்சிக்கிட்டே வந்தேன்."

"எனக்கும் பயம்தான் அண்ணே. அதான் பேசினேன்."

"அந்த ஆடு," என்றார். "மோட்டார்ல ஆடுன்னு சொன்னியே. நெஜமா?"

"நெஜம் அண்ணே. நடுவுல உக்கார வச்சிக்கிட்டுப் போனான்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார்.